பிள்ளைச்சேறு

கரையிலிருந்து முக்கால் மைல் தள்ளி, கடல் வற்றிக் கிடந்த இடத்தில், முழங்காலுக்கு மேல் சேற்றில் புதைந்தபடி நின்றுகொண்டிருந்தேன். இடது செருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. வலது செருப்பு காலில்தான் இருந்தது, ஆனால் என்னோடு வருவதற்கு அதற்கு விருப்பமில்லை.

நேரம் காலை எட்டரை. செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூட நாள். பள்ளிக்கூடத்தின் அதிபர் நான்தான்.

"ரீச்சர், காலைத் தூக்காதேங்கோ! தூக்கத் தூக்கத் தாழுவியள்!"

கத்தியவள் ஜெசிந்தா. தரம் ஐந்தில் படிக்கும் என் மாணவி. எனக்கு இரண்டு முழம் தள்ளி, அதே சேற்றின்மேல், இடுப்பில் கட்டிய பறிக்கூடையோடு சீமெந்துத் தரையில் நிற்பதுபோல நின்றாள். அவளுடைய கணுக்கால்கூட முழுதாகப் புதையவில்லை.

"அப்ப என்னடி செய்யிறது?"

"ஒண்டும் செய்யாதேங்கோ. சும்மா நில்லுங்கோ."

சும்மா நிற்பது எனக்கு எப்போதுமே வராத காரியம். உயிலங்குளத்தில் வயற்சேற்றில் பிறந்து வளர்ந்தவள் நான். சேறு எனக்குப் புதிதா என்ற திமிரோடுதான் இறங்கியிருந்தேன். வயற்சேற்றுக்கு அடியில் ஒரு தரை இருக்கும், இறங்கிய கால் அங்கே போய் நின்றுவிடும். இந்தச் சேற்றுக்கு அடி இருப்பதாகத் தெரியவில்லை.

என்னைச் சுற்றி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை, என்னுடைய பள்ளிக்கூடம் குனிந்து மட்டி பொறுக்கிக்கொண்டிருந்தது.

மணியும் கலர் பென்சிலும்

சென்ற வாரம் இந்தப் பத்தியை, இடமாற்றக் கடிதத்தைக் கையில் வாங்கியதோடு நிறுத்தியிருந்தேன். அங்கே போய் என்ன கிழித்தீர்கள் என்று ஒரு வாசகர் அன்பாகக் கேட்டிருந்தார். சொல்கிறேன்.

விடத்தல்தீவுக்கு அப்பால், கண்டல் மரங்கள் முடிந்து வெறும் உவர்த்தரை தொடங்கும் இடத்தில் அந்தப் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஒரு மண்டபம், நடுவில் தட்டி, தரம் ஒன்று முதல் ஐந்து வரை முப்பத்தொரு பிள்ளைகள். என்னோடு படிப்பித்த மற்ற ஆசிரியை பிரசவ விடுமுறையில் போயிருந்ததால், அதிபரும் நான், ஆசிரியையும் நான், மணி அடிப்பவளும் நான்.

அந்தச் சின்னக் குடியிருப்பில் இருப்பவர்கள் தங்களை இந்தக் கரையின் ஆதிக்குடிகள் என்று சொல்லிக்கொள்வார்கள். "போர்த்துக்கேயர் வந்து ஞானஸ்நானம் தர முன்னமே நாங்கள் இஞ்சதான்" என்பார்கள். வள்ளம் வைத்துக்கொள்வதில்லை. வலை பெரிதாகப் போடுவதில்லை. கடல் வற்றும்போது நடந்து போய் மட்டி, நண்டு, கடலட்டை எடுப்பார்கள், பெருகும்போது திரும்பி வருவார்கள். பெரிய வீதிப் பக்கத்து ஆட்கள் அவர்களைச் 'சேத்து ஆக்கள்' என்பார்கள். சொல்லும்போது முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார்கள்.

நான் பொறுப்பேற்ற அன்றே அலுமாரிக்குள் ஒரு கடிதம் எனக்காகக் காத்திருந்தது. பிள்ளைகளின் வரவு திருந்தாவிட்டால், தவணை முடிவில் பள்ளிக்கூடத்தை மூடி, பெரிய வீதியிலுள்ள பாடசாலையோடு சேர்ப்பதாகக் கல்விக் கந்தோர் எழுதியிருந்தது.

நான் விடுவேனா? முதலில் மணியில் கை வைத்தேன். பழைய தண்டவாளத் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து, வேப்பமரத்தில் தொங்கவிட்டு, கை ஓயுமட்டும் அடித்தேன். காகங்கள் மட்டும் எழும்பிப் போயின. பிறகு வீடு வீடாகப் போய் ஏசினேன். எல்லோரும் மரியாதையாகக் கதிரை எடுத்துப் போட்டு, தேத்தண்ணி தந்து, "ஓம் ரீச்சர், ஓம் ரீச்சர்" என்றார்கள். அடுத்த கிழமையும் வராதவர்கள் வரவில்லை.

கடைசியாக ஒரு தந்திரம் செய்தேன். தொடர்ந்து ஏழு நாட்கள் தப்பாமல் வருகிற பிள்ளைக்கு ஒரு பெட்டி கலர் பென்சில் என்று அறிவித்தேன். அறிவித்த மறுநாளிலிருந்து, சனி ஞாயிறு போக ஏழு பள்ளிக்கூட நாட்களும், முப்பத்தொரு பேரும் வந்தார்கள். காய்ச்சலோடுகூட ஒருத்தி வந்தாள்.

எனக்குத் தலை கால் புரியவில்லை. அன்று பின்னேரமே கல்விக் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'எனது விசேட முயற்சியின் பயனாக மாணவர் வரவு முற்றாகச் சீரடைந்துள்ளது என்பதைப் பெருமையுடன் அறியத்தருகிறேன்.' பெருமையுடன் என்ற சொல்லைப் போட்டுவிட்டு, இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அதற்கடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் நானும் கரும்பலகையும் மட்டும் இருந்தோம்.

அலுமாரிக்குள் ஒரு கடல்

அன்று எனக்கு வந்த கோபத்துக்கு எல்லாப் பெயரையும் வரவு இடாப்பிலிருந்து வெட்டியிருப்பேன். வெட்டுவதற்கு முன்னால், எத்தனை வருடமாக இந்தக் கூத்து நடக்கிறது என்று பார்க்க, அலுமாரியிலிருந்த பழைய வரவு இடாப்புகளை எல்லாம் இழுத்துப் போட்டேன். சிலதைக் கறையான் தின்றிருந்தது. சிலதில் துருப்பிடித்த கிளிப் தாளோடு ஒட்டிக்கிடந்தது. இடையில் சனம் இடம்பெயர்ந்திருந்த வருடங்களுக்கு ஒன்றுமே இல்லை.

வந்தவர்களுக்கு ஒன்று, வராதவர்களுக்குப் பூச்சியம். போயா விடுமுறைக்குச் சிவப்பு மையில் நீளமாக ஒரு கோடு. எங்கள் நாட்டில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி அரசாங்க விடுமுறை என்பது உங்களுக்குத் தெரியும்.

அந்தச் சிவப்புக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் பூச்சியங்கள் குவிந்து கிடந்தன. போயாவுக்கு ஒட்டின நாளில் சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தைப் புரட்டினேன். அதே மாதிரி. பிறகுதான் இரண்டு சிவப்புக் கோடுகளுக்கும் சரி நடுவில் இன்னொரு பூச்சியக் குவியலைக் கண்டேன். அங்கே விடுமுறை எதுவும் இல்லை. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அமாவாசை.

வேறொரு வருடத்தை எடுத்தேன். வேறொரு அதிபரின் கையெழுத்து, வேறு பிள்ளைகளின் பெயர்கள். பூச்சியங்கள் அதே இடத்தில். இன்னும் பழையதை எடுத்தேன். இப்போது தாய் தகப்பனாக இருப்பவர்களின் பெயர்கள் அதில் பிள்ளைகளாக இருந்தன. அமாவாசைக்கும், நாங்கள் பறுவம் என்கிற பௌர்ணமிக்கும் பூச்சியம், இடையில் ஒன்று, ஒன்று, ஒன்று. மேசையில் விரித்து வைத்துப் பார்த்தபோது தாளிலே அலை அலையாகத் தெரிந்தது.

அமாவாசையிலும் பறுவத்திலும்தான் கடல் வெகுதூரம் வற்றும். கடலில் கால் நனைக்காத எத்தனையோ அதிபர்கள், பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே, ஒரு நாள் தவறாமல் கடலின் நாட்குறிப்பை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கடைசியாக எழுதியவள் நான். என்னுடைய ஏழு நாள் வெற்றியையும் பார்த்தேன். அமாவாசைக்கும் பறுவத்துக்கும் இடையில், கடல் சரியாக வற்றாத நாட்கள். கலர் பென்சில் கொடுக்காவிட்டாலும் அந்த ஏழு நாளும் அவர்கள் வந்திருப்பார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். சின்ன வயதில் நானும் பள்ளிக்கூடம் போகாமல் நின்றவள்தான். அறுவடைக் காலத்தில் ஐயா என்னையும் தம்பியையும் வயலுக்குக் கூட்டிப்போய்விடுவார். ஒருவரும் எங்களை ஏசவில்லை. ஏனென்றால் எங்கள் தலைமை ஆசிரியரும் பக்கத்து வயலில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அரிவு வெட்டிக்கொண்டிருப்பார். எங்கள் வேலையை அவர் அறிந்திருந்தார். அதனால் எங்களுடைய பூச்சியங்கள் யாருடைய கண்ணையும் உறுத்தவில்லை. இந்தக் கரைக்கு அப்படி ஒரு வாத்தியார் கிடைக்கவே இல்லை.

மரியம்மா சொன்னது

அன்று பின்னேரம் ஜெசிந்தாவின் வீட்டுக்குப் போனேன். அவளுடைய தாய் மரியம்மா முற்றத்தில் மட்டி அவித்துக்கொண்டிருந்தாள். பழைய இடாப்பில் தரம் மூன்றோடு நின்றுபோன பெயர்களில் அவளுடையதும் ஒன்று.

"ஏசத்தானே வந்தனீங்கள்? இருந்து தேத்தண்ணியைக் குடிச்சிட்டு ஏசுங்கோ" என்றாள்.

"ஏச வரேல்ல. கேக்க வந்தனான். பெரிய ஆக்கள் நீங்கள் போனால் போதாதே? பிள்ளையளை ஏன் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போறியள்?"

மரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நல்ல மட்டி எல்லாம் பிள்ளைச்சேத்திலதான் ரீச்சர் கிடக்கு. அதில எங்களால நிக்கேலாது. புதைஞ்சு போவம். பிள்ளையளின்ரை கனத்தைத்தான் அது தாங்கும்."

அப்போதுதான் அந்தச் சொல்லை முதலில் கேட்டேன். கடினமான மணல் முடிந்ததும் வருகிற மெல்லிய சேற்றுப் பரப்புக்கு அந்தப் பெயர். பெரியவர்கள் மணல் விளிம்பில் நிற்பார்கள், பிள்ளைகள் மட்டும் உள்ளே போவார்கள். ஒரு பிள்ளையின் கால் கணுக்காலுக்கு மேல் புதையத் தொடங்கினால், அன்றோடு அந்தப் பிள்ளைக்கு அங்கே வேலை முடிந்தது. அதன்பிறகு இறங்க விடமாட்டார்கள்.

"ஜெசிந்தாவுக்கு இந்த வருசம்தான் கடைசி. கனம் கூடிட்டாள்" என்றாள் மரியம்மா. "சேறு விட்ட பிறகு படிக்கட்டுமெண்டுதான் எல்லாரும் நினைக்கிறது. நானும் அப்பிடித்தான் நினைச்சனான். ஆனால் சேறு எங்களை விடேக்குள்ள பள்ளிக்கூடம் பேரை வெட்டிப்போட்டுது."



"இதை மூடினால் பெரிய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம்தானே" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"மூத்தவனை அனுப்பினனான். ஒரு மாசம் போனான். மட்டி மணக்குதெண்டு பின்னுக்குத் தனி வாங்கில இருத்தினவை. பிறகு அவன் போகேல்ல, நானும் போகச் சொல்லேல்ல." அடுப்பிலிருந்து பானையை இறக்கி வைத்தாள். "இது மூடினால் ஜெசிந்தாவின்ரை படிப்பும் அதோட சரி. உங்களுக்கு வேற பள்ளிக்கூடம் தருவினம். இவளவைக்கு இதுதான்."

நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கேட்டேன்: "கடல் பெருகினாப் பிறகு பள்ளிக்கூடத்தைத் தொடங்கினால் அனுப்புவியளோ?"

"உங்கட மணிக்கோ, கடலின்ரை நேரத்துக்கோ?"

"கடலின்ரை நேரத்துக்கு. பிந்தின நேரத்தைப் பின்னேரம் நிரப்புவம்."

மரியம்மா முதல் தடவையாகச் சிரித்தாள். "நாளைக்குக் காலமை எங்களோட வாங்கோவன். நேரத்தை உங்கட கண்ணாலயே பாருங்கோ. மற்ற வீடுகளுக்கு நான் சொல்லிவிடுறன்."

தண்ணீர் திரும்பிய நேரம்

அப்படித்தான் நான் கடலுக்குப் போனேன். மணல் விளிம்பில் நில் என்று மரியம்மா சொல்லியும் கேளாமல், வயல்காரியின் வீம்பில் இரண்டு எட்டு முன்னே வைத்து, முழங்காலுக்கு மேல் தாழ்ந்ததும் அப்படித்தான்.

"கதிரையில இருக்கிற மாதிரிப் பின்னுக்குச் சாய்ஞ்சு இருங்கோ ரீச்சர்" என்றாள் ஜெசிந்தா.

சேலையோடு சேற்றில் உட்கார்ந்தேன். ஆச்சரியம், உட்கார்ந்ததும் தாழ்வது நின்றுவிட்டது. மூன்று பிள்ளைகள் ஓடிவந்து, என் கால்களைச் சுற்றிக் கையால் சேற்றைக் கிளறித் தண்ணீர் விட்டார்கள். தரம் இரண்டில் கழித்தல் வராமல் அழுகிற சின்ன மேரி, என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு "இப்ப இழுக்கலாம்" என்று கட்டளையிட்டாள். மணல் விளிம்பிலிருந்து மரியம்மா கயிறு எறிந்தாள். மல்லாக்க இழுபட்டு வந்து சேர்ந்தேன். மரியம்மா சிரித்த சிரிப்பு தாழ்வுபாட்டுக் கிராமம் வரைக்கும் கேட்டிருக்கும்.

மூச்சு வந்த பிறகுதான் அவர்களைச் சரியாகப் பார்த்தேன்.

என் வகுப்பில் கண்ணை உயர்த்தாத பிள்ளைகள் இவர்கள். கேள்வி கேட்டால் மேசையைப் பார்ப்பார்கள். இங்கே அப்படியில்லை. ஒருத்தி சேற்றில் இருக்கும் இரண்டு பொட்டுத் துளைகளைப் பார்த்து, இதற்குள் மட்டி, இதற்குள் புழு என்று பார்த்த பார்வையில் சொன்னாள். இன்னொருவன் ஒரு பிடி சேற்றை மூக்கருகே கொண்டுபோய், இந்த இடத்தில் இரண்டு நாளைக்கு ஒருவரும் எடுக்கக்கூடாது என்று சத்தம் போட்டான். எல்லோரும் உடனே அந்த இடத்தைச் சுற்றி நடந்தார்கள். சின்னதுகளை எடுத்துவிட்டுத் திரும்பப் புதைத்தார்கள். யாரும் யாருக்கும் படிப்பித்ததாகத் தெரியவில்லை. நான் இவர்களுக்குச் 'சுற்றாடல்' பாடம் எடுத்தவள். வெட்கத்தில் என் காது சுட்டது.

திடீரென்று ஜெசிந்தா நிமிர்ந்தாள்.

"தண்ணி திரும்பிட்டு ரீச்சர்."

நான் பார்த்தேன். கடல் அப்படியே அசையாமல் கிடந்தது. ஒரு அலை இல்லை, ஒரு நுரை இல்லை.

"எப்பிடியடி தெரியும்?"

"காலில பட்டது."

"என்ன பட்டது?"

"குளிர். புதுத் தண்ணி குளிரும்."

நான் குனிந்து கையை வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நிமிர்ந்தபோது கண்ட காட்சியை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அரை மைலுக்குச் சிதறி நின்ற அத்தனை பிள்ளைகளும், ஒருவரும் கூப்பிடாமல், ஒரே நேரத்தில் நிமிர்ந்து, பறியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, கரையைப் பார்த்துத் திரும்பினார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகூட இன்னும் ஒன்று எடுக்கிறேன் என்று குனியவில்லை.

தண்டவாளத்தை அடித்து அடித்துக் கை காய்த்துப்போனவள் நான். ஒரு சத்தமும் போடாமல் அந்தக் கடல் அவர்களைக் கூப்பிட்டது. அழுகை வந்துவிட்டது எனக்கு. முகம் முழுக்கச் சேறு, அதனால் ஒருவரும் கவனிக்கவில்லை.

கரையில் நின்றவர்

கரையில் ஒரு மோட்டார் சைக்கிளும், பக்கத்தில் ஒருவரும் நின்றார்கள். கிட்டப் போகும்போதுதான் அடையாளம் தெரிந்தது. கோட்டக் கல்விப் பணிப்பாளர். என்னுடைய 'பெருமையுடன்' கடிதத்தைப் பார்த்து, அப்படி என்ன விசேட முயற்சி என்று நேரில் காண வந்திருந்தார். எட்டு மணிக்கு வந்து, பூட்டிய மண்டபத்தையும் காகங்களையும் பார்த்துவிட்டு, குடியிருப்பில் ஒரு கிழவரிடம் கேட்டு, கரைக்கு நடந்திருக்கிறார். கையில் எங்கள் பள்ளிக்கூடத்துக் கடிதங்கள் அடங்கிய கோவை.

"இது என்ன ரீச்சர் கோலம்?"

"பள்ளிக்கூடம் பத்து மணிக்கு, சேர்" என்றேன்.

"பத்து மணிக்கோ? ஆர் தந்த அனுமதி?"

பிள்ளைகள் எங்களைத் தாண்டி நடந்தார்கள். கிணற்றடியில் கால் கழுவினார்கள். பறிகளைத் தாய்மாரிடம் கொடுத்தார்கள். புத்தகப் பைகளை எடுத்தார்கள். பணிப்பாளர் விரலை மடித்து எண்ணுவதைக் கண்டேன். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முப்பத்தொரு பேரும் வாங்குகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் பழைய இடாப்புகளை அவர் முன்னால் பரப்பினேன். சிவப்புக் கோடுகளைக் காட்டினேன். நடுவிலுள்ள பூச்சியங்களைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு வருடத்தைப் பார்த்தார். இன்னொரு வருடத்தைத் தானே எடுத்தார். பிறகு இன்னொன்று.

"நான் இந்த இடாப்புகளில எத்தினை தரம் கையெழுத்து வைச்சிருக்கிறன்" என்றார் கடைசியில், தனக்குத்தானே.

அவர் கேள்வியை என்னிடம் கேட்கவில்லை. முன் வாங்கிலிருந்த ஜெசிந்தாவிடம் கேட்டார்.

"நாளைக்குப் பள்ளிக்கூடம் எத்தினை மணிக்குப் பிள்ளை?"

ஜெசிந்தா மேசையைப் பார்த்தாள். வழக்கம்போல வாய் திறக்கமாட்டாள் என்று பயந்துபோனேன். அவள் எழுந்து நின்றாள்.

"நாளைக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் பிந்தும் சேர். பத்தே முக்கால்."

"நாளண்டைக்கு?"

"பதினொண்டரை."

"வெள்ளிக்கிழமை?"

"வெள்ளிக்கிழமை தண்ணி வடிவா வத்தாது சேர். மணி அடிக்கிற நேரத்துக்கே வருவம். பிறகு பறுவம் வரைக்கும் ஒவ்வொரு நாளும் வருவம்."

பணிப்பாளர் பள்ளிக்கூடத்தில் நடப்பதைப் பதியும் சம்பவத் திரட்டைக் கேட்டு வாங்கி, அவள் சொன்ன நேரங்களை ஒவ்வொன்றாக எழுதினார். 'பரீட்சார்த்தமாக' என்று மேலே போட்டார். கையொப்பம் வைத்தார். புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நாளைக்குப் பத்தே முக்காலுக்கு வந்து பாப்பன் ரீச்சர். ஒரு பிள்ளை குறைஞ்சாலும், தவணை முடிய இந்தக் கோவையை மூடிப்போடுவன். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது."

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. உடம்பு முழுக்க நோ, அடித்துப் போட்டதுபோலத் தூங்கினேன். பள்ளிக்கூடம் பத்தே முக்காலுக்குத்தானே என்று, வழமையான பஸ்ஸை விட்டு அடுத்த பஸ்ஸை எடுத்தேன். அந்தப் பஸ் பாதி வழியில் ரயர் காற்றுப்போய் நின்றது.

ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. வேப்பமரத்தடியில் மோட்டார் சைக்கிள் நின்றது. மண்டபத்துக்குள்ளிருந்து பணிப்பாளரின் குரல் கேட்டது. என் மேசையில் இருந்துகொண்டு, வரவு இடாப்பைப் பார்த்து, முதல் பெயரிலிருந்து வாசிக்கத் தொடங்கியிருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் எழுந்தது. சின்ன மேரியின் குரல். ஜெசிந்தாவின் குரல். நான் வாசலில் நின்று விரல் மடித்தேன். இருபத்தொன்பது. முப்பது. முப்பத்தொன்று.

அவர் பேனையை மூடவில்லை. தலையை நிமிர்த்தாமலே, அதே குரலில், என்னுடைய முழுப்பெயரையும் கூப்பிட்டார்.

முப்பத்தொரு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"வந்திட்டன் சேர்" என்றேன்.